அக்டோபர் சீட்டுகள்

அத்தியாயம் 9

சுற்றுலா அலுவலகத்து லேனா நீட்டிய காகிதத்தை ரோஸ்விதா கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கிய இடத்தில் போன வாரம் விட்டோம். அதில் இருந்தது இரண்டே வரிதான்.

லோதார் – அறுபத்தாறு வருகைகள்.

ரோஸ்விதா – நாற்பது வருகைகள்.

ரோஸ்விதா இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் மலைக் கிராமம் ஓபர்லான்ஸில் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை இந்தக் கூத்து உண்டு. கோடை விடுமுறைக்குத் தவறாமல் வருகிற குடும்பங்களை பேண்டு வாத்தியக் கச்சேரியின் நடுவே மேடைக்கு அழைத்து மரியாதை செய்வோம். பத்து வருஷத்துக்கு வெண்கல பேட்ஜ், இருபத்தைந்துக்கு வெள்ளி, நாற்பதுக்குத் தங்க முலாம் போட்டது, கூடவே ஒரு மாட்டு மணி. பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே மணி சின்னது. யார் எத்தனை தடவை வந்தார்கள் என்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். விடுதிக்கு வந்ததும் விருந்தாளி தன் கையால் நிரப்பித் தருகிற வருகைச் சீட்டுகளை ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறோம்.

"பேரெல்லாம் சரியா இருக்கா அம்மா?" என்றாள் லேனா. "சாயங்காலம் தலைவர் மைக்ல வாசிப்பார். போன வருஷம் ஒருத்தர் பேரைத் தப்பா எழுதிட்டு நான் வாங்கின திட்டு இருக்கே."

காலை உணவு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த மகள் சில்கே எட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு வயது. கணக்கு டீச்சர். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை என்பதால் இந்த வருஷம் எல்லைக்கு அப்பால் இருக்கும் உல்மிலிருந்து அவள்தான் காரை ஓட்டி வந்தாள்.

"அறுபத்தாறா? தப்பா இருக்கு. நாற்பதுன்னு மாத்துங்க."

"தப்பே இல்லக்கா," லேனா பெருமையாகச் சிரித்தாள். "ஐயா அக்டோபர்லயும் வருவாரே, அதையும் சேர்த்தேன். கிடங்குல போய்ப் பழைய சீட்டையெல்லாம் நானே எண்ணினேன். இருபத்தாறு. ஐயாவுக்கு அதை விட்டுட்டா பாவம் இல்லையா? மலைமேல மோர் குடிக்கப் போனவர் வரட்டும், நானே சொல்றேன். சந்தோஷப்படுவார்."

"நீ சொல்ல வேண்டாம்," என்றாள் ரோஸ்விதா. "பேர் சரியா இருக்கு. எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

"அம்மா…"

"வாசிக்கட்டும், சில்கே."

லேனா காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள். ரோஸ்விதா ரொட்டியில் பாதி தடவியிருந்த வெண்ணெயை ஓரம்வரை தடவி முடித்தாள். ஆனால் சாப்பிடவில்லை.

அவளுக்கு எழுபத்தொரு வயது. வடகடல் ஓரத்தில் பிறந்து, அலையும் உப்புக்காற்றுமாக வளர்ந்து, லோதாரைக் கட்டிக்கொண்டு உல்முக்கு வந்தவள். மலை அவளுக்கு ஒரு நாளும் ஒட்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்பாள், இந்தத் தடவையாவது கடலுக்குப் போகலாமா என்று. லோதார் லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் கம்பெனியில் இருந்தார். "எனக்கு வருஷத்துல ஊர் போறதுக்கு ஒரே ஒரு லீவுதான் ரோஸி. அதை நான் மூச்சு விடற இடத்துல கழிக்க விடு," என்பார். அவளும் விட்டாள். நாற்பது கோடை விட்டாள். மூன்று நாளைக்கு முன் சாப்பாட்டு மேசையில் அவரே வாய் திறந்து, தங்க பேட்ஜ் வாங்கியாகிவிட்டால் அடுத்த வருஷம் உன் கடல்தான் என்று சொன்னபோது, சின்னப் பெண்போல அவள் முகம் சிவந்ததைச் சில்கே பார்த்தாள்.

அக்டோபரில் லோதார் ஒரு வாரம் வெளியூர் போவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வேலையில் இருந்தவரை கம்பெனிப் பயிற்சி. ஓய்வு பெற்ற பிறகு முதுகுவலிக்கு வெந்நீர்க் குளியல் சிகிச்சை. பெட்டி அடுக்கிக் கொடுப்பது ரோஸ்விதா.

அவள் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள்.

விடுதிக்காரி நோட்புர்கா மதியச் சூப்புக்கு ரொட்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மாவு.

"அவ பேர் என்ன?" என்றாள் ரோஸ்விதா.

"எவ பேர்?"

"நாற்பது வருஷமா உன் கையால சாப்பிடறேன் நோட்புர்கா. என் காதுல பூ சுத்தாத."

நோட்புர்கா கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இருபத்தேழு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்படி ஒருத்தி இல்ல. தனியாத்தான் வருவார். ஒரு பெட்டி, ஒரு கைத்தடி. எட்டு நாள் இருப்பார். நாலாம் நம்பர் அறை."

"நாலா? அந்த பால்கனி அறையா? கோடையில அது எப்பவும் யாரோ முன்னாடியே எடுத்துடறாங்கன்னு சொன்னாரே. வருஷா வருஷம் எங்களுக்கு மாட்டுத் தொழுவம் பக்கம் இருக்கற ரெண்டாம் நம்பர்தானே?"

"யாரு எடுத்தா? இப்பகூடக் காலியாத்தான் கிடக்கு. உனக்கு உயரம்னா தலை சுத்தும், கீழேயே கொடுன்னு உன் வீட்டுக்காரர்தான் சொன்னார்."

"எனக்கா?"

நோட்புர்கா கையைத் துடைத்தாள்.

"இங்க என்ன பண்ணுவார்?"

"என்ன பண்ணுவார். நடப்பார். என் வீட்டுக்காரரோட சீட்டு ஆடுவார். விறகு அடுக்கித் தருவார். சாப்பிட்டு முடிச்சதும் இங்க வந்து நின்னு பாத்திரம் துடைப்பார்."

"லோதார் பாத்திரம் துடைப்பாரா?"

"பாடிக்கிட்டே துடைப்பார்."

நாற்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் தன் கணவர் பாடி ரோஸ்விதா கேட்டதில்லை. துண்டை எடுத்து ஒரு கரண்டியைத் துடைத்தும் பார்த்ததில்லை.

"நல்லாப் பாடுவாரா?"

"சுமாராத்தான்."

ரோஸ்விதா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"குளிக்கிற டவுசர்," என்றாள். "சிகிச்சைக்குன்னு வருஷா வருஷம் வச்சு அனுப்புவேன். ஈரமாத்தானே திரும்பி வரும்?"

நோட்புர்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கிளம்பற அன்னிக்குக் காலையில பின்பக்கக் குழாயில நனைச்சு, பிளாஸ்டிக் பையில போட்டுப்பார். ஏன்னு நான் கேட்டதில்ல."

அந்த ஈர டவுசரை ரோஸ்விதா ஒவ்வொரு வருஷமும் அலசிக் காயப்போட்டிருக்கிறாள். வெந்நீர் ஊற்றில் கந்தக வாடை அடிக்கும் என்பார்களே, ஒன்றும் அடிக்கவில்லையே என்று ஒரு தடவை கேட்கக்கூடக் கேட்டாள். இப்போதெல்லாம் வடிகட்டிவிடுகிறார்கள் என்றார் லோதார். ஒரே ஒரு அக்டோபரில்தான், நோய்த் தொற்றில் எல்லை மூடிக் கிடந்த வருஷம், அவர் எங்கும் போகவில்லை. அந்த மாதம் முழுவதும் வீட்டில் எரிந்து விழுந்தார், காப்பி சூடாக இல்லை என்று கோப்பையைத் தொட்டியில் போட்டு உடைத்தார். நாட்டு நிலைமையை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று அவள் இரக்கப்பட்டாள்.

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"நீ கேக்கல. நானும் ஒரு சீட்டைக்கூட மறைக்கல, ஒவ்வொண்ணையும் ஒழுங்கா அலுவலகத்துல கொடுத்துட்டுத்தான் வந்தேன்." நோட்புர்காவின் குரல் இறங்கியது. "ஒரு மனுஷன் வந்து தனியா உட்கார்ந்திருக்கறதுல என்ன தப்பு இருக்கு, நீயே சொல்லு."

"ஒருத்தியோட வந்திருந்தா அவளைத் தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். இப்ப நான் யாரோட சண்டை போட? அவர் விட்டுட்டு ஓடி வந்தது என்னைத்தானே?"

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்குமேல், சமையலறையில் கேட்டதையெல்லாம் அம்மா சொன்ன பிறகு, சில்கே அப்பாவைத் தேடி மலைமேல் ஏறினாள். மரத் தொட்டியில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற திருப்பத்தில், பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார் லோதார். மீசையில் மோர் ஒட்டியிருந்தது.

"அறுபத்தாறாம், அப்பா," என்றாள்.

லோதாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஷூ கயிற்றை மறுபடி கட்டத் தொடங்கினார்.

"உங்க அம்மா பாத்துட்டாளா?"

"மூணு தடவை படிச்சாங்க."

"நீ லேனாகிட்டப் போய் நாற்பதுன்னு மாத்தச் சொல்லு. உனக்குத்தான் நல்லாப் பேச வருமே."

"சனிக்கிழமை. மத்தியானமே அலுவலகத்தைப் பூட்டிட்டாங்க. அதுவும் இல்லாம அம்மா மாத்த வேண்டாம்னுட்டாங்க."

லோதார் தொட்டித் தண்ணீரில் கையை விட்டு முகத்தைக் கழுவினார். "அப்படின்னா எனக்குத் தலைவலின்னு சொல்லிடு. நான் மேடைக்கு வரல."

"உங்க வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கட்டில் மேல வச்சிருக்காங்க."

சில்கே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

"தொண்ணூத்தாறுல ஆரம்பிச்சிருக்கீங்க. நான் படிக்கப் போன வருஷம்."

"ஆமா. நீ போனதுக்கப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். நான் என்ன சாப்பிடறேன், எத்தனை தடவை இருமறேன், ஜன்னலை ஏன் திறந்தேன், எல்லாத்தையும் உங்க அம்மா பாத்துக்கிட்டே இருந்தா. அன்பாத்தான் பாத்தா, தெரியும். எனக்கு மூச்சு முட்டிச்சு."

"அதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, சரி நானும் கூட வர்றேன்னு கிளம்பிடுவா."

சில்கேவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

"தனியா இருக்க ஆசைப்பட்டது தப்பில்லப்பா. லீவே கிடையாதுன்னு சொன்னீங்களே, அதுதான். வீப்கே சித்தியோட வெள்ளிவிழாக் கல்யாண நாள் ஞாபகம் இருக்கா? அக்டோபர்லதான் வந்துச்சு. கம்பெனிப் பயிற்சி, வர முடியாதுன்னீங்க. புருஷன் இல்லாம எப்படித் தனியாப் போறதுன்னு அம்மாவும் போகல. கூடப் பிறந்த ஒரே தங்கச்சி."

"அது…"

"அந்த வாரம் நீங்க இங்க விறகு அடுக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க."

லோதார் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். எழுபத்தாறு வயதில் மனிதர் திடீரென்று சின்னதாகத் தெரிந்தார்.

"உங்களுக்கு எட்டு நாள் வேணும்னா, அதே எட்டு நாளை அம்மாவுக்கும் கொடுத்திருக்கலாமே. அவங்க பாட்டுக்குக் கடலுக்குப் போயிருப்பாங்க. ரெண்டு பேருக்கும் மூச்சு வந்திருக்கும்."

"அவ தனியா எங்க போவா?"

"நீங்க அவங்களைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சில்கே அவரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

ஐந்து மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் இரண்டு உருப்படி வாசித்து முடித்து, தொப்பியைக் கழற்றி வியர்வை துடைத்தார்கள். ஊர்த் தலைவர் அலோயிஸ் மேடைக்கு வந்தார். நல்ல மனுஷர். ஆனால் மைக் கையில் கிடைத்தால் நகைச்சுவை பண்ணாமல் இருக்க முடியாது.

"நாற்பது கோடையா நம்ம ஊருக்கு வர்ற லோதார்–ரோஸ்விதா தம்பதி. மேல வாங்க, வாங்க."

வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் லோதார் ஏறினார். பின்னால் ரோஸ்விதா, நீல உடையும் காதில் சின்ன முத்தும். அது கடலோரத்து அம்மா கொடுத்த முத்து. நோட்புர்கா முதல் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க, இங்க ஒரு விஷயம் எழுதியிருக்கு." தலைவர் காகிதத்தைத் தூரமாகப் பிடித்தார். "அம்மா நாற்பது தடவை. ஐயா அறுபத்தாறு! அக்டோபர் வருகையையும் சேர்த்து. நம்ம ஊர்ச் சரித்திரத்துலயே இதுதான் அதிகம்னு லேனா சொல்றா. நல்லாக் கை தட்டுங்க."

நாங்கள் தட்டினோம். உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். எங்களுக்கு என்ன தெரியும்?

"ரோஸ்விதா அம்மா, நீங்க இருபத்தாறு தடவை பின்தங்கிட்டீங்களே. ஐயாவை இங்க அனுப்பிட்டு நீங்க வீட்டுல என்ன பண்ணீங்க?"

மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"பெட்டி அடுக்கினேன்," என்றாள் ரோஸ்விதா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்ல மனைவி, நல்ல பதில் என்று முன்வரிசைப் பெண்கள் தலையாட்டினார்கள். பேண்டுக்காரர்கள் சின்னதாக ஒரு வாழ்த்து இசை வாசித்தார்கள். தலைவர் பேட்ஜைக் குத்திவிட்டு, மாட்டு மணியை லோதார் கையில் கொடுத்தார். புகைப்படத்துக்காக இரண்டு பேரும் நின்றபோது மணி நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. மணியைப் பிடித்திருந்தவர் லோதார்தான்.

விடுதிக்குத் திரும்பும் சந்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். ரோஸ்விதா ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். கடைசி ஆளும் கடந்து போனபிறகு லோதார் அவள் பக்கத்தில் வந்தார்.

"ரோஸி, சத்தியமா இதுல ஒரு பொண்ணும் கிடையாது."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கே?"

"அதனாலதான்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காதபோது அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். எதையாவது கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் உன் கடலுக்குப் போறோம். சொன்ன சொல் தவற மாட்டேன்."

"வீப்கே செத்து ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் ரோஸ்விதா. "அங்க எனக்காகக் கதவைத் திறக்க இப்ப யாரும் இல்ல. இருந்தப்போ உங்களுக்கு லீவு இல்ல."

விடுதி வாசலில் நோட்புர்கா சாவிப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். ரோஸ்விதா பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நாலாம் நம்பர் காலியா?"

"காலிதான்." நோட்புர்கா அவள் தோளுக்குப் பின்னால் லோதாரைப் பார்த்தாள். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ஒருத்தருக்கு. சீட்டைக் கொடு, நானே நிரப்பறேன்."

இத்தனை வருஷமும் அந்தச் சீட்டை நிரப்பியது லோதார். இருவரின் பெயரையும் அவரே எழுதுவார், அவளை ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொல்வார். இன்று ரோஸ்விதா பேனாவை வாங்கி நிதானமாக எழுதினாள். பெயர். பிறந்த தேதி. பிறந்த ஊர் என்ற இடத்தில் கடலோரத்து ஊரின் பெயர். கூட வருபவர் என்ற இடத்தில் ஸ்கேல் வைத்ததுபோல நேராக ஒரு கோடு. புறப்படும் நாள் என்ற இடத்தை விட்டுவிட்டாள்.

"அதையும் போடணுமே," என்றாள் நோட்புர்கா மெல்ல. "திங்கட்கிழமைதானே கிளம்பறீங்க?"

"முடிவு பண்ணினதும் எழுதறேன்."

மூன்று மாடி ஏறினாள். தலை சுற்றவில்லை. நாலாம் நம்பர் அறையில் ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி, பால்கனிக் கதவுக்கு அப்பால் பனி இன்னும் உருகாத சிகரம் மாலை வெயிலில் தெரிந்தது. இரண்டாம் நம்பரிலிருந்து இது தெரிந்திருந்தால் மலை அவளுக்கும் பிடித்துத் தொலைத்திருக்கும். அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜோடி பழுப்பு நிற வீட்டுச் செருப்பு இருந்தது. அவருக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. சிகிச்சை நிலையத்தில் தொலைந்துபோனதாகச் சொன்னது. அதற்குப் பதில் அவள் வேறு ஒரு ஜோடி வாங்கித் தந்தாள். ரோஸ்விதா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நாற்பது வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள் என்று எழுத எனக்கு ஆசைதான். பத்து நிமிஷம் அழுதிருப்பாள்.

கதவு தட்டப்பட்டது.

"ரோஸி." லோதாரின் குரல் மூச்சு வாங்கியது. மூன்று மாடி ஏறியிருந்தார். "திற."

அவள் எழுந்து கதவருகே போனாள். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அந்த ஒரு கணத்தில் அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது.

"ரோஸி, என் பிரஷர் மாத்திரையை எங்க வச்சிருக்கே?"

ரோஸ்விதாவின் கை தாழ்ப்பாளில் நின்றது.

"அக்டோபர்ல எங்க இருக்கும்?"



"நீதானே பெட்டியில வச்சு அனுப்புவே," என்றார் லோதார்.

"நீலப் பை. பக்கத்து ஜிப்," என்றாள் ரோஸ்விதா. கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துக்கொண்டாள். "திங்கட்கிழமை நீங்களே பெட்டி அடுக்குங்க. உங்க பெட்டியை மட்டும்."